இடது தொடையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள்

1

இடுப்பு என்ற ஒரு சொல்லால் எனக்கு ஆறு மாதம் வீணாகப் போனது.

நம்மூரில் குடம் வைக்கிற இடமும் இடுப்புதான், சேலை செருகுகிற இடமும் இடுப்புதான், பிள்ளை பெற்றவளுக்கு இழுத்துப் பிடிக்கிற முதுகின் அடிப்பகுதியும் இடுப்புதான். இங்கே லெஸ்டரில் எங்கள் பகுதி டாக்டர் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டபோது "ஹிப்" என்று சொல்லிவிட்டுச் சேலை செருகுகிற இடத்தில் கையை வைத்தேன். உண்மையில் வலி அங்கே இல்லை. தொடையும் அடிவயிறும் சேருகிற இடுக்கில் இருந்தது. டாக்டர் ஆண்பிள்ளை. எனக்கு இங்கிலீஷ் தடுமாறினால் எடுத்துச் சொல்ல வந்திருந்த என் மகள் அபிக்குப் பன்னிரண்டு வயது. அந்த இடத்தை எப்படித் தொட்டுக் காட்டுவது?

முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். முதுகுக்கான பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்க்கிறேன். மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். பயிற்சி செய்யச் செய்ய வலி கூடியது. இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தேன். அபி தெருவில் என்னோடு சேர்ந்து நடப்பதைத் தவிர்த்தாள். இரண்டடி முன்னால் போய்விடுவாள்.

கடைசியில் பயிற்சி சொல்லித்தரும் வயதான அம்மா ஒருத்தி என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, காலை உள்பக்கமாகத் திருப்பினாள். நான் அலறிய அலறலில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது முதுகு இல்லை. யார் உங்களிடம் முதுகு என்று சொன்னது?" என்றாள்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் உட்காருகிற மூட்டு கெட்டால் வலி முன்பக்க இடுக்கில்தான் தெரியுமாம். சிலருக்கு முழங்காலில் தெரியுமாம். மூட்டுக்கு எக்ஸ்ரே எழுதினாள். அதற்கான கடிதம் என் அப்பா பெயரை என் பெயராகப் போட்டு வந்தது. அதைத் திருத்த ஐந்து முறை போன் செய்ததில் இன்னொரு மாதம் போனது.

2

எலும்பு டாக்டரின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான், என் கணவர் ராஜேந்திரன், அபி. 2006 ஜனவரி, வெளியே பனி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகினார். நம் எலும்பை நாமே பார்ப்பது இருக்கிறதே, அது ஏதோ செத்தபிறகு பார்க்க வேண்டியதை முன்கூட்டியே பார்ப்பது போல இருந்தது.

மூட்டு பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு பேனா முனையால் இடது மூட்டுக்குப் பக்கத்தில் மூன்று இடங்களைத் தொட்டார். பளீரென்று மூன்று வெள்ளைப் புள்ளிகள். ஒன்று கொஞ்சம் நீளமாக, வளைந்து இருந்தது.

"இவை எலும்பு இல்லை. உலோகம். உங்களை யாராவது சுட்டார்களா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என் கணவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியாது" என்றேன்.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். உங்கள் வலியைப் பார்த்தால் பந்தெலும்புக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும் என்றார். அந்த மெஷின் முழுக்க முழுக்கக் காந்தம். உள்ளே இருப்பது செம்போ பித்தளையோ என்றால் பயமில்லை. இரும்பு என்றால் காந்தம் அதை இழுக்கலாம், சூடாக்கலாம். காலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது.

"அது என்ன உலோகம், எப்படி உள்ளே போனது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அதுவரை உங்களை அந்த அறைக்குள் விட மாட்டேன்."

காரில் வரும்போது என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

3

இனி எழுதப்போவதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் பேசமாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் போனார்கள். பெட்டியில் லேபிள் ஒட்டி அடுக்குவது என் வேலை. எனக்குப் பக்கத்தில் பாண்டியம்மாள் இருப்பாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், கை வேகமானவள். எனக்கு முடியாததையும் சேர்த்து ஒட்டித் தருவாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். பக்கத்து அறை வெடித்தது. சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை. சுவர் எங்களை நோக்கி வந்தது மட்டும் ஞாபகம். பாண்டியம்மாள் எனக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் இருந்தாள்.

கண் விழித்தபோது ஒரு வேனில் கிடந்தேன். சிவகாசி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும் என்று விருதுநகரில் ஒரு டாக்டரின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எல்லாம் எடுக்கவில்லை. இடது தொடையில் குத்தியிருந்ததை எடுத்துவிட்டுத் தையல் போட்டார். "எல்லாம் எடுத்தாச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

பாண்டியம்மாள் அன்று சாயங்காலமே போய்விட்டாள். எங்கள் இரண்டு பேர் பெயரும் கம்பெனியின் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அவள் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து இறந்ததாகப் பேச்சானது. நான் கஞ்சி வடிக்கும்போது அதைத் தொடையில் கொட்டிக்கொண்டதாகப் பேச்சானது. வாயைத் திறந்தால் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள், ஊரே பட்டினி கிடக்கும் என்றார்கள். அது பொய்யும் இல்லை.

அப்பா அன்றோடு என்னைக் கம்பெனிப் பக்கம் விடவில்லை. படிக்க வைத்தார். நான் காலேஜ் வரை போனது அப்படித்தான். விருதுநகரில் பருப்பு மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகன், கம்ப்யூட்டர் படித்தவர், என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா அந்தக் கஞ்சிக் கதையையே அவர்களிடமும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பதினான்கு வருடம் குனிந்தபடியே இருந்துவிட்டேன்.

4

பள்ளிக்கூடத்துக்கு ஈஸ்டர் விடுமுறை விட்டதும் அபியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கணவரிடம் சொன்னேன். இன்னொரு பொய். எக்ஸ்ரே படத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன்.

அம்மா படத்தைப் பார்க்கவே மறுத்தாள்.

"எதுக்குத்தா இப்ப அதெல்லாம்? அந்த டாக்டரும் செத்துப் போனாரு. மிசின்ல படுக்கணும், அம்புட்டுத்தானே? ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் படுத்து எந்திரிச்சு வந்துரு."

"இரும்பா இருந்தா காந்தம் இழுக்குமாம்மா. ரத்தக்குழாயைக் கிழிச்சிரும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வேண்டாம். இந்தக் காலோடயே இருந்துக்கோ. நொண்டுனா என்ன, குடும்பம் நடக்கும்."

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் பயம் அப்படிப்பட்டது. என் பயமும் அதே வயிற்றில் பிறந்ததுதான். உண்மையைச் சொல்லவும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்று நானே ஒரு வாரம் யோசித்ததுண்டு. ஆனால் ஊருக்கு வந்த மறுநாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது கால் தரையில் ஊன்றவில்லை. அபி என்னைத் தாங்கிப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

அன்று வெடித்த அறைக்குப் பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று தெரிந்தவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அப்போது அங்கே போர்மேனாக இருந்த சுப்பையா மாமா. ஆனைக்குட்டத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்றார்கள்.

5

மாமாவுக்குக் கண் மங்கியிருந்தது. பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"முத்துச்செல்வியா? வாத்தா. லண்டன்ல இருக்கேன்னு சொன்னாக. என்ன, தாங்கித் தாங்கி நடக்குதே?"

"அதுக்குத்தான் மாமா வந்தேன். அன்னைக்கு எனக்குத் தொடையில குத்துனது என்ன?"

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கேஸ் எதுவும் போடப் போறியா?"

"இல்ல மாமா."

"இந்தப் பிள்ளை யாரு? எழுதிக்கிட்டுப் போக வந்திருக்கா?"

"என் மகள். அவளுக்குத் தமிழே பாதிதான் புரியும்."

படத்தை எடுத்துக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வளைந்திருந்த அந்தப் புள்ளியைப் பார்த்ததும் படத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆணி. பொட்டிக்கு அடிக்கிற ஆணி."

"நல்லாத் தெரியுமா மாமா? பித்தளையா இருக்காதா?"

"இரும்பு ஆணிதான். வெடிமருந்து இருக்க எடத்துல இரும்பே வரப்படாது, அது எனக்குத் தெரியாதா? ஆர்டர் நெருக்கடி. மரப்பொட்டி அடிக்கிற வேலைய அப்படியே பக்கத்து ரூம்புலயே வச்சிட்டோம். சுவரு ஓரமா ஒரு டப்பா நெறய ஆணி. நாந்தான் அங்கன வைக்கச் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "பாண்டியம்மா அந்த டப்பாவுக்கு முன்னாடி இருந்தா. அவ மேல பட்டது போகத்தான் உன் மேல பட்டுச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. பாண்டியம்மாள் அன்று ஒரு எட்டு தள்ளி உட்கார்ந்திருந்தால் என்ற பயம், இருபத்து நாலு வருடம் கழித்து, புதிதாக நேற்று நடந்தது போல.

திரும்பும் பஸ்ஸில் அபி இங்கிலீஷில் கேட்டாள்: "அம்மா, நீ அங்கே வேலை பார்த்தாயா? அப்போது உனக்கு என்ன வயது?"

"பதினொண்ணு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேலிக்கு அப்பால், இடைவெளி விட்டுக் கட்டிய பட்டாசு அறைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"எனக்கு எல்லாம் புரிந்தது" என்றாள். "பாதி இல்லை."

6

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் வேலம்மா அத்தை வந்தாள். பாண்டியம்மாளின் அம்மா. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அம்மா பதறிப்போய் எழுந்தாள்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏதோ படம் வச்சிருக்கியாமே. காட்டு."

மறுக்க முடியவில்லை. வாசல் வெயிலில் படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல எது ஆணி?"

காட்டினேன். மூன்றையும் விரலால் தொட்டாள்.

"அவளுக்கு எம்புட்டு இருந்திருக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டமாதிரி இல்லை. "அவளுக்கு ஒரு படம்கூட எடுக்கல. போட்டாவும் எடுக்கல, இந்தப் படமும் எடுக்கல."

"அத்தே..."

"அழாதே. நீ இருக்கேல்ல. காலு நல்லா ஆகுமான்னு கேட்டியா?"

"தெரியல அத்தே. எலும்பு செத்துப்போயிருக்கும்னு சொல்றாங்க."

"டாக்டரு என்ன சொன்னாருன்னு எனக்குச் சொல்லிவிடு. மறந்துராதே" என்று எழுந்து போனாள்.

7

ஏப்ரல் கடைசியில் மறுபடியும் அதே டாக்டர், அதே அறை. இந்த முறை அபிக்குப் பள்ளிக்கூடம். கணவர் மட்டும் கூட வந்தார். அவரிடம் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் சோறு போட்டேன், தினமும் பாத்திரம் கழுவினேன், சொல்லவில்லை.

"என்ன உலோகம் என்று தெரிந்ததா?" என்றார் டாக்டர்.

தெரியாது என்று இன்னொரு முறை சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

"இரும்பு" என்றேன். "ஆணி. நான் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பதினோரு வயதில். வெடித்துவிட்டது."

என் இங்கிலீஷ் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். என் கணவரின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவருடைய ஷூ மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

எம்.ஆர்.ஐ. கிடையாது என்று முடிவானது. அதற்குப் பதில் எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும்.

நான்கு நாள் என் கணவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரித்தார்.

"கஞ்சி கொட்டுனா தோல் சுருங்கும். குழி விழாது, செல்வி" என்றார். "எங்க சித்திக்குக் கஞ்சி கொட்டி நான் பார்த்திருக்கேன். கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் வருசம் போயிருச்சு. இப்ப கோபம் என்னன்னா, என்கிட்ட சொல்லாம அந்த டாக்டர்கிட்டல்ல சொன்னே."

வெங்காயத்தை உரித்து முடித்தோம்.

8

எலும்பு ஸ்கேனுக்குக் காலையில் கையில் ஒரு ஊசி போட்டார்கள். கதிர்வீச்சு உள்ள மருந்து. ரத்தத்தோடு போய் எலும்பில் சேர மூன்று மணி நேரம் ஆகும், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இன்று ஒட்டி உட்கார வேண்டாம் என்றார்கள். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சட்டென்று எழுந்து, வலியோடு அந்தக் கோடிக்குப் போனேன். அவள் என்ன நினைத்தாளோ.

பிறகு ஒரு குறுகிய மேசையில் படுக்க வைத்தார்கள். ஒரு பெரிய தட்டு மேலிருந்து இறங்கி வயிற்றைத் தொடுகிற மாதிரி வந்து நின்றது. அசையக்கூடாது. தலையைத் திருப்பினால் பக்கத்தில் திரை. கறுப்பில் ஒவ்வொரு புள்ளியாக வெளிச்சம் விழுந்து விழுந்து என் எலும்பு உருவானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் சுவர் வந்தது. திறந்துகொண்டேன். இருபது நிமிடம் இப்படியே போனது.

பத்து நாளில் முடிவு சொன்னார்கள். இடது பந்தின் மேல்பகுதியில் வெளிச்சமே விழவில்லை. மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. ரத்தம் போனால்தானே மருந்து போகும். சி.டி. படத்தில் அந்த இடம் மேலோடு விரிசல் விட்டு, உள்ளே அமுங்க ஆரம்பித்திருந்தது. மூட்டை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு முப்பத்தைந்து வயது. செயற்கை மூட்டு தேய்ந்தால் பிற்பாடு இன்னொரு முறையும் மாற்ற வேண்டிவரும் என்றார்.

"ஆணியால் வந்ததா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். நீங்கள் வருடக்கணக்காக மூச்சிரைப்புக்கு ஊரில் சாப்பிட்டதாகச் சொன்ன ஸ்டீராய்டு மாத்திரையாகவும் இருக்கலாம், அதுவும் எலும்பைச் சாகடிக்கும். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது."

ஆணிகளை எடுக்கப் போவதில்லை என்றார். மூட்டுக்குப் பின்பக்கம் சதையில் இருக்கின்றன, இத்தனை வருடம் சும்மா இருந்தவை இனியும் சும்மா இருக்கும். நானும் சரி என்றேன். வெட்டு சிறியதாக இருந்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

9

சொன்னபடி ஊருக்குப் போன் செய்தேன். அம்மா செல்போனை வேலம்மா அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டு மாற்றுவது, எத்தனை நாள் படுக்கை, எல்லாம்.

"அந்த ஆணிய என்ன செய்வாக?"

"அது அப்படியே இருக்கும் அத்தே. எடுக்க வேண்டியதில்லைன்னுட்டாரு."

"எம் பிள்ளையக் கொன்ன இரும்பு உன் ஒடம்புல எதுக்குடி?" என்றாள். "வெட்டுறதுதான் வெட்டுதாக. எடுத்துத் தூரப் போடச் சொல்லு."

மறுவாரம் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் படத்தை மறுபடி விளக்கில் வைத்துப் பார்த்தார். எடுப்பதால் உங்கள் நடைக்கு ஒரு லாபமும் இல்லை, வெட்டு பெரிதாகும், ரத்தம் அதிகம் போகும், ஆறுவதற்கும் நாளாகும் என்றார். எதற்காக எடுக்க வேண்டும் என்று கேட்டார். அபி என் பக்கத்தில் இருந்தாள். நான் வார்த்தை தேடுவதற்குள் அவளே சொன்னாள், அங்கே இன்னொரு பெண் இருந்தாள் என்று. பெயரையும் சொன்னாள். "பாண்டியம்மாள்" என்பதில் ள் அவள் வாயில் சரியாக வரவில்லை.

டாக்டர் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டை எடுத்துத் தருகிறேன் என்றார். மூன்றாவது, அந்த வளைந்தது, காலுக்குப் போகிற நரம்பை ஒட்டி இருக்கிறது. அதைத் தொட்டால் பாதத்தைத் தூக்க முடியாமலே போய்விடலாம். அதை நான் தொட மாட்டேன் என்றார்.

மூட்டு மாற்றவும் ஆணி எடுக்கவும் சேர்த்து எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.

மூன்றாவது ஆணி உள்ளேயே இருக்கும் என்பதை வேலம்மா அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.